அந்தோனிப்பிள்ளையின் வலது முழங்கால்

மேற்கு சிட்னியின் வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் இருக்கும் அந்தச் செங்கல் அடுக்குமாடிக்கு லிஃப்ட் இல்லை. மேல்தளத்துக்கு முப்பத்தெட்டுப் படிகள். அந்தோனிப்பிள்ளை அவற்றைப் பதினான்கு மாதங்களாக ஒரே முறையில் ஏறி வந்தார்: இடது காலை வைப்பது, வலது காலை இழுத்து அதனருகே சேர்ப்பது, மூச்சு விடுவது, மறுபடியும் இடது. அரச மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்த புதன்கிழமை, பத்தொன்பதாவது படியில் இருந்தபடியே அதை உடைத்துப் படித்தார். வலது முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்துவிட்டது. இன்னும் பதின்மூன்று நாட்கள். செவ்வாய் காலை ஆறரைக்கு வரவேண்டும்.

கடிதம் மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காலில் வெட்டோ, கீறலோ, பூச்சிக்கடியோ இருந்தால் சத்திரசிகிச்சை நடக்காது. வேறு திகதிக்குக் காத்திருக்க வேண்டிவரும். நோயாளியே திகதியைத் தள்ளிவைத்தாலும் அதே கதிதான்.

அவருடைய மனைவி நேசமலர், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர், அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். அன்றிலிருந்து வீட்டில் கட்டைக் காற்சட்டைக்குத் தடை. பல்கனியில் இருந்த ரோசாச் சாடி கீழ்வீட்டுக்குப் போனது. கீழ்வீட்டுப் பூனை மேலே வந்தால் இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

"பதின்மூண்டு நாளைக்கு நீங்கள் மனிசன் இல்லை, கண்ணாடிச் சாமான்" என்றார் நேசமலர்.

கண்ணாடிச் சாமானுக்கு நாற்பத்தொன்பது வயது. தரை ஓடு பதிப்பது தொழில். யாழ்ப்பாணத்தில் பதித்தார், கட்டாரில் பதித்தார், 2012இல் மனைவியோடு படகேறி வந்தபின் கொஞ்சக் காலம் ஒன்றும் பதிக்கவில்லை, ஏனென்றால் அவருடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த நாட்களில் பூங்காவில் உட்கார்ந்திருந்தவரைத்தான் பேஸ்போல் கண்டெடுத்தது. தேவாலயமொன்றின் ஆட்கள் அங்கே சனிக்கிழமைகளில் விளையாடுவார்கள். அவர்களுடைய கட்சருக்கு விரல் முறிந்துவிட்டது. கட்சர் என்பவர் துடுப்புக்காரருக்குப் பின்னால், முகமூடியும் மார்புக் கவசமும் போட்டு, ஆட்டம் முடியும்வரை குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போலத்தான். ஆனால் விக்கெட் காப்பாளருக்கு நிற்க அனுமதி உண்டு.

எவ்வளவு நேரம் குந்தியிருக்க முடியும் என்று பயிற்சியாளர் சைகையில் கேட்டார். அந்தோனிப்பிள்ளை யோசித்து, "சாப்பாட்டு நேரம் மட்டும்" என்றார். குதிக்கால் நிலத்தில் பட, அசையாமல், இரண்டரை மணி நேரம் இருந்தார். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். பிறவித் திறமை என்று உள்ளூர் இலவசப் பத்திரிகை எழுதியது. பதினேழு வயதிலிருந்து குசினித் தரைகளில் குந்தியிருந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறோம் என்று அதற்குத் தெரியாது.

அந்தப் படத்தை நார்த்மீட்டில் பார்த்தவர் வரதராஜா, ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவர் அப்போதுதான் ஒரு தமிழ்க் கிரிக்கெட் கழகத்தின் தலைவர் தேர்தலில் இரண்டு வாக்குகளால் தோற்றிருந்தார். மேற்கு சிட்னியில் தமிழ்க் கிரிக்கெட் கழகங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் தலைவர் கதிரையில் ஆள் இருந்தது. பேஸ்போலில் ஒரு கதிரை காலியாக இருப்பது அவருக்குப் புலப்பட்டது. மேற்கு சிட்னி வல்லூறுகள் கழகம் அப்படித்தான் பிறந்தது. முதலில் தலைவர் வந்தார், பிறகு உபதலைவர், செயலாளர், போஷகர், யாப்பு, கொடி, இலச்சினை. ஆட்டத்தின் விதிகள் அடுத்த மாதம் வந்தன.

யாப்பு என்பது கழகத்தின் சட்டப் புத்தகம். முப்பத்துநான்கு பக்கம். கோயிலொன்றின் யாப்பைப் பிரதி எடுத்து, கணினியில் "ஆலயம்" வருமிடமெல்லாம் "கழகம்" என்று மாற்றியிருந்தார்கள். ஆகவே வல்லூறுகளின் கொடியேற்றம் எந்த மாதத்தில் நடக்க வேண்டும் என்பதற்கும் அதில் ஒரு பிரிவு உண்டு.

அந்தோனிப்பிள்ளையால் அணி வளர்ந்தது. பந்து எறியும் சஞ்சீவுக்கு வேகம் உண்டு, திசை கிடையாது. பந்து எங்கே போனாலும் அங்கே அந்தோனிப்பிள்ளையின் கையுறை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் கிண்ணம் ஒன்றும் கிடைத்தது. அவரை அணித்தலைவர் ஆக்கலாமே என்று யாரோ கேட்டபோது, "விசா வரட்டும், பாப்பம்" என்றார் வரதராஜா. விசா வந்தது. "வயசு போட்டுது" என்றார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அணித்தலைவர் பதவிக்குப் பதிலாக யாப்பில் பதினான்காம் பிரிவைச் சேர்த்தார்கள். கட்சர் என்பது இனிமேல் ஒரு பதவி. அவர் நிர்வாக சபையின் உறுப்பினர். அந்தப் பதவியில் இருப்பவரைத் தவிர வேறு யாரும் லீக் ஆட்டத்தில் அந்த இடத்தில் குந்தக்கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள். நிர்வாக சபைக் கூட்டம் எப்போது நடக்கிறது என்று அவருக்குச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடிதம் வந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, அந்தோனிப்பிள்ளை வரதராஜாவின் வீட்டுக்குப் போனார். நிர்வாக சபை அங்கே கூடியிருந்தது அவருக்குத் தெரியாது. இராஜினாமாக் கடிதம் கொடுக்க வந்தவர் தற்செயலாகக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். கதிரை போதவில்லை. சமையலறையிலிருந்து ஒரு முக்காலி வந்தது.

வரதராஜா கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதென்ன அந்தோனி, விட்டுட்டுப் போகப்போறீரோ?"

"ஓம் ஐயா. முழங்கால் ஏலாமப் போச்சு."

"முழங்கால் எனக்கும்தான் நோகுது. நான் தலைவர் பதவியை விட்டனானோ?"

நீங்கள் குந்துவதில்லையே என்று சொல்லலாம் போல இருந்தது. அந்தோனிப்பிள்ளை தேநீரைக் குடித்தார்.

உபதலைவர் விக்னராஜா, கணக்காளர், அறுபத்தொரு வயது, யாப்பைக் கையில் வைத்திருந்தார். "எங்கட யாப்பில இராஜினாமா எண்டு ஒரு சொல்லே இல்லை" என்றார். "ஏனெண்டா இவ்வளவு காலமும் ஒருத்தரும் செய்யேல்லை."

அது உண்மை. இந்தப் பக்கத்துச் சங்கங்களில் பதவியிலிருந்து ஒருவர் போவதென்றால் தோற்றுப்போக வேண்டும், அல்லது அவருக்கு அஞ்சலிக் குறிப்பு வர வேண்டும். மூன்றாவது வழி ஒன்றை வல்லூறுகள் மட்டும் கண்டுபிடித்திருந்தார்கள். முந்திய செயலாளர் யசோதரன் கணக்குவழக்கில்லாமல் கேள்வி கேட்பவர். மனைவியின் பிரசவத்தோடு அவர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. இருபத்திரண்டாம் பிரிவின்படி அவர் பதவி தானாகவே காலியானது. அன்றிலிருந்து யசோதரன் ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்து மரநிழலில் சுடுநீர்ப் போத்தலோடு இருக்கிறார். ஆட்டம் பார்க்க அல்ல. நிர்வாகம் எங்கேயாவது பிழை விடுமா என்று பார்க்க.

இப்போதைய செயலாளர் கிருஷ்ணசாமி கோயம்புத்தூர்க்காரர், தகவல் தொழில்நுட்பம். கட்சர் போனால் அணியின் எதிர்காலம் என்ன என்று தொலைக்காட்சித் திரையில் வரைபடம் காட்டினார்.

"சார், இது போன ரெண்டு சீசன் டேட்டா. சஞ்சீவ் போடற நூறு பந்துல முப்பத்தி நாலு எங்க போகுதுன்னு சஞ்சீவுக்கே தெரியாது. அந்த முப்பத்தி நாலையும் அண்ணன்தான் புடிச்சிருக்காரு. இப்ப அண்ணனை எடுத்துட்டா..." ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்புக் கோடு ஒன்று சரிந்து திரையின் விளிம்போடு மறைந்தது. "டிவிக்குக் கீழ போயிடுதுங்க."

சபை தொலைக்காட்சிக்குக் கீழே பார்த்தது. இரண்டு ஆட்டம் மீதி. ஒன்றிலாவது வென்றால்தான் இறுதிச் சுற்று.

"தாரகா இருக்கிறாதானே" என்றார் அந்தோனிப்பிள்ளை.

தாரகா விக்னராஜாவின் மகள். இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தில் உடலியக்க மருத்துவம் படிக்கிறவள், அங்கே சொஃப்ட்போல் அணியின் கட்சர். இங்கே அவளுக்குக் கொடுத்திருந்த வேலை, புள்ளிப் புத்தகம் எழுதுவது.

"அவள் பொம்பிளைப் பிள்ளை" என்றார் விக்னராஜா. "மூக்கில பந்து பட்டா ஆர் பொறுப்பு?"

"முகமூடி இருக்கு அண்ணை."

"முகமூடி எல்லாம் உமக்குச் சரி."

எப்படியும் பதினான்காம் பிரிவு இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் தெரிவாகாத ஒருவர் குந்த முடியாது. பொதுக்கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும். ஆகவே சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. வருகிற ஞாயிறு ஆட்டம் இல்லை. அடுத்த ஞாயிறு, ஆட்டம் தொடங்கமுன், அந்தோனிப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பு. பொன்னாடையைக் கழற்றிவிட்டு அவர் விளையாடுவார். அதற்கடுத்த ஞாயிறும் விளையாடுவார். சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவார்.

"பதினாலு மாசம் பொறுத்தனீர், இன்னுமொரு மாசம்தானே" என்றார் வரதராஜா. "ஆஸ்பத்திரிக்காரரோட வடிவாக் கதையும். சரிதானே அந்தோனி?"

"ஓம் ஐயா" என்றார் அந்தோனிப்பிள்ளை.

பதினான்கு வருடமாக இந்த நாட்டில் அவர் சொல்லிவந்த சொல் அது. முகாமில், விசாக் கந்தோரில், வேலை கேட்ட இடத்தில், வாடகை வீட்டுக்காரரிடம். வாய் திறந்தால் அது தானாக வந்துவிடும். சத்திரசிகிச்சைக்கு இரண்டு நாள் முன்னால் சஞ்சீவின் பந்துகளுக்கு முன் குந்துவது என்றால், வெளியே வரும்போது கால் எப்படி இருக்கும் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். வல்லூறுகளின் கட்சருக்குக் கீறல் இல்லாத ஞாயிறு இருந்ததில்லை.

வீட்டில் நேசமலர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டு."

"நான் அந்த ஒரு ஓமை நம்பிக் கழுத்தை நீட்டினனான். நீங்கள் அதை ஊர் முழுக்கக் குடுத்துக்கொண்டு திரியிறியள்." அடுப்பை அணைத்தார். பிறகு, "தள்ளிப்போட்டா இன்னும் பதினாலு மாசம். நான் உங்களை முதுகில தூக்கிக்கொண்டே படி ஏறுறது?"

அடுத்த நாள் பூசை முடிந்து வந்து, அந்தோனிப்பிள்ளை அலுமாரியிலிருந்து ஒரு நீலக் கோப்பை எடுத்தார். குடிவரவுத் திணைக்களம் பத்து வருடமாக எழுதிய கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. கழக யாப்பின் பிரதியும் அதில்தான் கிடந்தது. பொறியியலாளரும் கணக்காளரும் இதுவரை படிக்காத ஒரு படிப்பு அவரிடம் இருந்தது: தன் தலைவிதியை முடிவுசெய்யும் காகிதங்களை வரிவரியாக வாசிக்கும் படிப்பு. முதற் பக்கத்தில் மரியாதை இருக்கும். நடுவில் பயமுறுத்தல் இருக்கும். கடைசிப் பக்கங்களில், "எனினும்" என்று தொடங்கும் ஒரு வரியில், கதவு இருக்கும். அகராதியை வைத்துக்கொண்டு அப்படிக் கதவு கண்டுபிடித்து அவர் மூன்று நண்பர்களுக்கு விசா வாங்கிக் கொடுத்திருந்தார். யாப்பு தமிழில் இருந்தது. அகராதிகூடத் தேவைப்படவில்லை.

நாலு மணியளவில் அவர் தனியாகச் சிரிக்கும் சத்தம் குசினிக்குக் கேட்டது.

"என்ன சிரிக்கிறியள்?"

"மலர், நான் ரெண்டு வருசமாக் கட்சரே இல்லை."

பிறகு இன்னும் இரண்டு பக்கங்களின் மூலையை மடித்து வைத்தார்.

ஞாயிறு வந்தது. டூங்காபி மைதானத்தின் வேலியில் பெரிய பதாகை. அதில் முகமூடி போட்ட அந்தோனிப்பிள்ளையின் படம். முகமூடி போட்டிருந்ததால் யாருடைய படமாகவும் இருக்கலாம். மேசையில் பொன்னாடை, ஒரு முழ உயரக் கண்ணாடி நினைவுச் சின்னம், ஒலிவாங்கி. எதிரணி பென்ரித் பக்கத்து வெள்ளைக்காரப் பையன்கள். யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நின்றார்கள்.

அந்தோனிப்பிள்ளை கோயிலுக்குப் போடும் நீளக் காற்சட்டையும் மினுக்கிய சேர்ட்டும் போட்டு வந்தார். கையில் மடிப்புக் கதிரை. பின்னால் நேசமலர் தலையணையோடு.

"கவசத்தைப் போடுமன், நேரமாச்சு" என்றார் வரதராஜா.

"ஐயா, இருபத்திரண்டாம் பிரிவை ஒருக்கா வாசிப்பியளோ?"

விக்னராஜா வாசித்தார். "நிர்வாக சபையில் பதவி வகிப்போர் எவரும் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்குச் சமூகமளிக்காதவிடத்து, அப்பதவி தானாகவே வெறிதாகும்." நிமிர்ந்தார். "இதுக்கென்ன?"

"நான் ஒரு கூட்டத்துக்கும் வரேல்லையே அண்ணை."

வரதராஜாவுக்குக் கோபம் வந்தது. "நாங்கள் உமக்குச் சொல்லவே இல்லையே! பிறகெப்பிடி வாறது?"

"சொல்லேல்லைத்தான் ஐயா. ஆனா யாப்பு அதைக் கேக்கேல்லை. வந்தவரோ எண்டுதான் கேக்குது."

எல்லோரும் கிருஷ்ணசாமியைப் பார்த்தார்கள். அவர் மடிக்கணினியைத் திறந்தார். நேர்மையான மனிதர்.

"பதினோரு மீட்டிங் சார். பதினொண்ணுலயும் 'வராதோர்: அந்தோனிப்பிள்ளை'ன்னு போட்டிருக்கு. நான்தான் போட்டேன்." கொஞ்சம் தயங்கி, "போன வாரம் சனிக்கிழமை வந்தாரு. ஆனா அது பன்னிரண்டாவது" என்றார்.

அதற்குள் மரநிழலில் அசைவு. யசோதரன் சுடுநீர்ப் போத்தலை மூடிவிட்டு விரைந்து வந்துகொண்டிருந்தார். முகத்தில் இரண்டு வருடத்து எதிர்பார்ப்பு.

"என்னண்ணை, இருபத்திரண்டாம் பிரிவோ? அது செல்லாது எண்டு சொல்லப் போறியளோ? சொல்லுங்கோ, பிளீஸ். எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. மைக்கில சொல்லுங்கோ."

வரதராஜா ஒலிவாங்கியைப் பார்த்தார், யசோதரனைப் பார்த்தார். அந்தப் பிரிவு அந்தோனிப்பிள்ளைக்குச் செல்லாது என்றால் யசோதரனுக்கும் செல்லாது. யசோதரன் நாளைக்கே செயலாளர். நாளை மறுநாள் தலைவர்.

"பிரிவு சரி" என்றார் வரதராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தோனி கட்சர் இல்லை. அப்ப ஆர் கட்சர்?"

"அதுக்கு இருபத்துமூண்டு ஐயா. மூலை மடிச்சிருக்கு."

விக்னராஜா அதையும் வாசிக்கத் தொடங்கினார். "வெறிதாகும் எப்பதவியையும், அடுத்த பொதுக்கூட்டம் வரை..." குரல் மெலிந்தது. "...உபதலைவர் வகிப்பார்."

காற்றில் பதாகை படபடத்தது.

"அப்ப நான்...?"

"ரெண்டு வருசத்துக்கு மேல நீங்கள்தான் அண்ணை" என்றார் அந்தோனிப்பிள்ளை. "நான் சும்மா உங்களுக்காகக் குந்திக்கொண்டிருந்திருக்கிறன்."

நடுவர் வந்து மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். ஐந்து நிமிடத்தில் கட்சர் வராவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. யசோதரன் விலகவில்லை. விக்னராஜா கவசம் போட்டார். இருபது நிமிடம் எடுக்கும் வேலையை ஐந்து நிமிடத்தில் செய்ததில் காற்கவசம் இரண்டும் இடம் மாறியது. மார்புக் கவசம் வயிற்றில் முடிந்தது. புள்ளிப் புத்தகத்தோடு நின்ற தாரகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, ஆர் யூ ஷுவர்?"

"யாப்பில இருக்குப் பிள்ளை."

சஞ்சீவின் முதற் பந்துக்கு விக்னராஜா கண்ணை மூடினார். இரண்டாவதுக்கும் மூடினார். மூன்றாவது பந்து அவரைத் தேடி வந்து மார்பில் விழுந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்துக் கையுறையைத் தூக்கிக் காட்டினார். பந்து காலடியில் கிடந்தது. எதிரணிப் பையன்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். முதலாம் சுற்றில் ஐந்து ஓட்டம், இரண்டாம் சுற்றில் மூன்று. கிருஷ்ணசாமி தன் வரைபடம் தவறென்று திருத்தினார். கோடு இன்னும் கீழே போயிருந்தது.

மூன்றாம் சுற்று தொடங்கியபோது விக்னராஜா குந்தினார். பிறகு எழும்பவில்லை.

"அப்பா, கெட் அப்."

"ஏலாது பிள்ளை. பூட்டிட்டுது."

"வாட் டு யூ மீன், பூட்டிட்டுது?"

"ரெண்டும்."

நாலு பேர் வந்து, கதிரையைத் தூக்குவது போல, குந்திய வடிவிலேயே அவரைத் தூக்கி எல்லைக்கோட்டுக்கு வெளியே வைத்தார்கள். தாரகா அவர் முழங்காலுக்குப் பின்னால் எதையோ அமுக்க, ஒரு பெருமூச்சோடு அவர் மெதுவாக நீண்டார். புல்லில் மல்லாந்து கிடந்தபடி, "இந்த மனிசன் எப்பிடி இதை ரெண்டரை மணித்தியாலம் செய்யிறார்?" என்று வானத்தைக் கேட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி நிர்வாக சபையில் எழுந்தது அதுவே முதல் தடவை.

நடுவர் மறுபடியும் மணிக்கூட்டைத் தட்டினார். வரதராஜா மடிப்புக் கதிரைக்கு வந்தார். குரலில் அதிகாரம் குறைந்திருந்தது.

"அந்தோனி, வேற மூலை ஏதும் மடிச்சு வச்சிருக்கிறீரோ?"

"முப்பத்தோராம் பிரிவு ஐயா."

அது கோயில் யாப்பில், திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரருக்கு எழுதிய பிரிவு. கணினி "உபயகாரர்" வந்த இடத்தில் "பதவி வகிப்போர்" என்று போட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தது. வரதராஜா உரத்து வாசித்தார். "பதவி வகிப்போர் சரீர சுகயீனத்தால் தம் கடமையை ஆற்ற இயலாதவிடத்து, அவர் குடும்பத்தில் ஒருவர் தோய்ந்து, தூய ஆடை உடுத்து, அவர் சார்பில் நிற்கலாம்."

சபை தாரகாவைப் பார்த்தது. புல்லில் கிடந்த விக்னராஜா தலையைத் தூக்கி, மூக்கைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் விலா எலும்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மறுபடியும் படுத்தார்.

"பிள்ளை, காலமை தோய்ஞ்சனீரோ?" என்று கேட்டார் வரதராஜா.

"சொறி?"

"குளிச்சியாம்மா?" என்றார் கிருஷ்ணசாமி.

"வாட்! ஒஃப் கோர்ஸ் குளிச்சனான்! வை இஸ் எவ்ரிவன்..."

"சட்டை தோய்ச்சதுதானே?" என்றார் யசோதரன், விடாமல்.

தாரகா புத்தகத்தைக் கிருஷ்ணசாமியின் கையில் திணித்துவிட்டு, மாறியிருந்த காற்கவசங்களைச் சரியான காலில் மாட்டிக்கொண்டு போய்க் குந்தினாள். சஞ்சீவின் பந்து அகலப் போனது. அவளும் அகலப் போனாள். முதலாம் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்குக் களவாக ஓடியவன் பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது அவள் எறிந்த பந்து அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. பென்ரித் பையன்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். எட்டுக்குப் பூச்சியத்திலிருந்து வல்லூறுகள் மெல்ல மெல்ல ஏறினார்கள்.

ஆறாம் சுற்றில் அது நடந்தது. துடுப்பின் மேல்விளிம்பில் பட்ட பந்து ஆகாயத்துக்குப் போய்ப் பின்பக்கமாக, வேலியின் திறந்த முனையைத் தாண்டி இறங்கியது. இறங்கும் இடத்தில் மடிப்புக் கதிரை இருந்தது. கதிரையில் அந்தோனிப்பிள்ளை. அவருக்கு எழும்பி ஓட முடியாது. எழும்பவே நாலு விநாடி வேண்டும். முகமூடியை வீசிவிட்டு தாரகா பாய்ந்து வருவது தெரிந்தது. காலணியின் அடியில் இரும்பு முள். மேலேயிருந்து பந்து, முன்னாலிருந்து முள். நேசமலர் "மாதாவே!" என்று தலையணையை அவர் முழங்காலின் மேல் போட்டு, அதன்மேல் தானும் விழுந்தார்.

பந்து நேசமலரின் முதுகுக்கு ஒரு சாண் மேலே தாரகாவின் கையுறைக்குள் விழுந்தது. இரும்பு முள் கதிரைக் காலுக்கு முன்னால் புல்லைக் கிழித்துக்கொண்டு நின்றது.

"அங்கிள்," என்றாள் தாரகா மூச்சு வாங்கியபடி, "மூவ் யுவர் செயார்."

வல்லூறுகள் ஏழுக்கு எட்டு என்று தோற்றார்கள். கௌரவிப்பு சுருக்கமாக நடந்தது. பதவியில் இல்லாத ஒருவரைக் கௌரவிக்க யாப்பில் இடமுண்டா என்று யசோதரன் கேட்டதில் பத்து நிமிடம் போனது. கண்ணாடி நினைவுச் சின்னத்தை வரதராஜா நீட்டியபோது நேசமலர் குறுக்கே வந்து வாங்கினார். "காலில போட்டிடாதேங்கோ ஐயா, செவ்வாய் மட்டும் பொறுங்கோ."

செவ்வாய் காலை மருத்துவமனைத் தாதி விளக்கை இழுத்து, இரண்டு காலையும் முன்னும் பின்னுமாகப் பார்த்தார். விரல் இடுக்குகளைப் பார்த்தார். நேசமலர் கண்ணாடிக்கு வெளியே மூச்சு விடாமல் நின்றார். இடது தொடையில் கறுப்பு மையில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. இது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று தாதி கேட்டார்.

"இந்தக் கால் இல்லை" என்று மொழிபெயர்த்தார் அந்தோனிப்பிள்ளை.

தாதி சிரித்துவிட்டு, படிவத்தில் தோல் என்ற கட்டத்தில் சரி போட்டார். கட்டில் உருளத் தொடங்கியது.

அடுத்த ஞாயிறு தாரகா வல்லூறுகளை வெல்ல வைத்தாள். அணி இறுதிச் சுற்றுக்குப் போய், அரையிறுதியில் கௌரவமாகத் தோற்றது. ஆறு வாரம் கழித்துப் பொதுக்கூட்டம் நடந்தது. கட்சர் பதவிக்கு நாலு பேர் போட்டியிட முன்வந்தார்கள். நாலு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அனுபவத்தை மதித்து விக்னராஜா ஏகமனதாகத் தெரிவானார். அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூட்டுவலி என்று கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுக்கிறார், ஒவ்வொரு ஞாயிறும் மகள் தோய்ந்து, தூய ஆடை உடுத்து, அவர் சார்பில் குந்துகிறாள். கழக மலரின் அட்டையில் முகமூடியோடு நிற்பவர் விக்னராஜா. அணியின் எதிர்காலம் ஒளிமயமாக இருக்கிறது என்று கிருஷ்ணசாமியின் புதிய வரைபடம் சொல்கிறது.

பதினோராவது வாரம், குப்பைத் தொட்டி வைக்க வேண்டிய வியாழக்கிழமை, அந்தோனிப்பிள்ளை ஊன்றுகோலைக் கதவடியில் சாத்திவிட்டு, கீழே இறங்கப் படிக் கைபிடியைப் பிடித்தார். வலது காலை வைத்தார். இடது காலை அதைத் தாண்டி அடுத்த படியில் வைத்தார். மறுபடியும் வலது. பாதி வழியில் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. நிற்கவில்லை. அது ஓய்ந்து, திரும்ப அடித்தது. முப்பத்தெட்டாவது படியும் முடிந்தபிறகு எடுத்தார்.

"அந்தோனி! வரதராஜா கதைக்கிறன். சபை உம்மைப் போஷகர் ஆக்கத் தீர்மானிச்சிருக்கு. பெரிய கௌரவம். ஒரு வேலையும் இல்லை, சும்மா கதிரையில இருந்தாச் சரி. ஓம்தானே?"

மேலே பல்கனியில் நேசமலர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த ரோசாச் சாடி பக்கத்தில் இருந்தது.

"இல்லை ஐயா" என்றார் அந்தோனிப்பிள்ளை. "எனக்குப் படி ஏற வேலை இருக்கு."

தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைத்துவிட்டுத் திரும்பினார்.